உடைந்த பற்களின் வரலாறு

கார்ப் பந்தயங்களின் வரலாறு பெரும்பாலும் ஓட்டுநர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வென்றவரின் பெயர் நிற்கிறது. அவர் அமர்ந்திருந்த வண்டியின் நிறமும் நிற்கிறது. அவ்வண்டியின் எஞ்சின், பந்தயத்துக்கு முன்னர் எந்தப் பட்டறையில், யார் கையில், எத்தனை மணி நேரம் அலறிக்கொண்டிருந்தது என்று கேட்பார் அரிது. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது புறப்பாடம்தான். ஆனால் 'பொறி' என்னும் சொல் நம் மொழியில் எந்திரத்தையும் குறிக்கும், தீத்துகளையும் குறிக்கும், கண் காது முதலிய புலன்களையும் குறிக்கும். ஒரு பந்தய எஞ்சினைச் சோதிக்கும் அறையில் இம்மூன்று பொருளும் ஒருசேர நிற்பதைக் காணும்போது, தமிழாசிரியர் அங்கு எட்டிப்பார்ப்பதில் பிழையில்லை என்றே தோன்றுகிறது.

நாம் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் காஸ்வொர்த் பட்டறை. 1958இல் மைக் காஸ்டின், கீத் டக்வொர்த் என்னும் இரு இளைஞர்கள் தத்தம் பெயரின் பாதியை ஈந்து இந்நிறுவனத்துக்குப் பெயரிட்டனர். இருவரும் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். டக்வொர்த் அங்கே ஒரு கியர்பெட்டியோடு போராடிக்கொண்டிருந்தார். அதன் அமைப்பையே மாற்றினாலன்றி அது உருப்படாது என்பது அவர் முடிவு. சாப்மனுக்கு அதற்குச் செலவிட மனமில்லை. டக்வொர்த் வெளியேறினார். காஸ்டினோ லோட்டஸுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் சில ஆண்டுகள் அங்கேயே கட்டுண்டிருக்க நேர்ந்தது. எனவே தொடக்கத்தில் பட்டறை என்பது ஏறக்குறைய டக்வொர்த் என்னும் ஒற்றை மனிதர்தாம். வடஇலண்டனில் இடம் மாறி மாறி நடந்த பட்டறை, 1964இல் நார்தாம்ப்டன் நகருக்குப் பெயர்ந்து நிலைகொண்டது.

தொடக்ககாலத் தொழில், பிறர் செய்த எஞ்சினைத் திருத்தி வலுவேற்றுவது. ஃபோர்டு ஆங்லியா என்னும் எளிய குடும்பக் காரின் 997 சி.சி. எஞ்சின் 39 குதிரைத்திறன் தரக்கூடியது. காற்று நுழையும் வழிகளைத் தேய்த்து நேராக்கி, கேம் தண்டின் முனைப்பைப் புதிதாக வகுத்து, கார்புரேட்டரை மாற்றி, கலவை அழுந்தும் அளவைக் கூட்டி, அதே எஞ்சினிலிருந்து இருமடங்குக்குக் குறையாத திறனை டக்வொர்த் வெளிக்கொணர்ந்தார். 1960 மார்ச்சில் குட்வுட் தடத்தில் நடந்த ஃபார்முலா ஜூனியர் பந்தயத்தில் ஜிம் கிளார்க் என்னும் இளைஞர் அத்தகைய எஞ்சின் பொருத்திய லோட்டஸில் வென்றார். இவ்விருவர் பெயரும் பின்னர் மீண்டும் இணையும்.

திறன் கூடியதா இல்லையா என்பதைச் சொல்வது காதல்ல, டைனமோமீட்டர். இதற்கும் நீண்ட மரபு உண்டு. சுழலும் சக்கரத்தைக் கட்டைகளால் இறுகப் பற்றி, அது இழுக்கும் விசையை எடைக்கல்லால் நிறுக்கும் முறையை 1821இல் பிரான்சின் தே புரோனி உருவாக்கினார். கப்பல் எஞ்சின்களின் அசுர வலிமைக்கு அக்கட்டைகள் தாங்கா. 1877இல் வில்லியம் ஃபிரூட் கட்டைக்குப் பதில் தண்ணீரை வைத்தார். கிண்ணங்கள் போன்ற குழிகளுடைய சுழலி ஒன்று. அதை எதிர்நோக்கி அதே வகைக் குழிகளுடைய உறை. இடையே சுழன்றடிக்கும் நீர். எஞ்சின் சுழலியைத் திருக, நீர் அவ்விசையை உறைக்குக் கடத்த, உறை தானும் திரும்ப முயலும். அதைத் திரும்பவிடாமல் ஒரு கரம் பிடித்து நிறுத்தும். அக்கரத்தின் இழுப்பே முறுக்குவிசையின் அளவு. அதைச் சுழல்வேகத்தோடு பெருக்கினால் திறன் கிட்டும். நானூறு குதிரைகளின் உழைப்பும் இறுதியில் வெந்நீராகி வடிகாலுக்குப் போய்விடும் என்பது இதிலுள்ள வேடிக்கை.

சோதனை நாளின் ஒழுங்கு ஏறத்தாழ எப்பட்டறையிலும் ஒன்றே. புதிதாகக் கோத்த எஞ்சினை மேடையில் ஏற்றி, எண்ணெயும் நீரும் சூடேறும் வரை பதமாக ஓட்டுவர். உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று பழகச் சுமையைப் பையப் பைய ஏற்றுவர். பின்னர் ஒவ்வொரு வேகப்படியிலும் நிறுத்தி முறுக்குவிசை, எரிபொருட் செலவு, எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றைக் குறிப்பர். கலவையைச் சற்றே மெலிவித்தும் செறிவித்தும், பற்றவைக்கும் கணத்தைச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்தியும் மீண்டும் மீண்டும் அளப்பர். அன்றைய காற்றழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப எண்களைத் திருத்துவதும் உண்டு. மழைமேகம் கவிந்து காற்றழுத்தம் தாழ்ந்த நாளில் எந்த எஞ்சினும் சற்றுச் சோம்பும். இத்திருத்தத்தில் தாராளம் காட்டினால் காகிதத்தில் குதிரைகள் பெருகும். பந்தய உலகில் அவ்வகைக் குதிரைகளுக்குப் பஞ்சமில்லை. டக்வொர்த் அவற்றை வளர்க்கவில்லை. தவறாக அறிந்திருப்பதைவிட அறியாதிருப்பதே மேல் என்பது அவர் பெயரோடு வழங்கிவரும் கருத்து.

அவருக்குத் தோல்வியும் உண்டு. நம் நோக்கில் வெற்றியைவிட அதுவே சுவையானது. 1964இல் ஃபார்முலா 2 பந்தயத்துக்கென எஸ்.சி.ஏ. என்னும் ஒரு லிட்டர் எஞ்சினைச் செய்தார். அது வெற்றிகள் பல பெற்றது. ஆயினும் சோதனைமேடை ஒரு குறையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. கலவை மந்தமாக எரிந்ததால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே வெகு முன்னதாகப் பற்றவைக்க வேண்டியிருந்தது. காற்று தாராளமாக உள்ளே வருகிறது. வந்த காற்று அசைவற்றுக் கிடக்கிறது. அடுப்பில் விறகு நிறைய இருந்தும் ஊதுவார் இல்லாத நிலை. வென்றுகொண்டிருக்கும் எஞ்சினைக் குறைசொல்ல யாருக்கு மனம் வரும்? டக்வொர்த்துக்கு வந்தது. அடுத்த எஞ்சினில் உருளைக்கு நான்கு வால்வுகள் வைத்தார். அக்காலத்துப் பந்தய எஞ்சின்களில் வால்வுகள் ஒன்றிலிருந்து ஒன்று அகன்று சாய்ந்திருக்கும். இடையே ஆழ்ந்த கவிமாடம் போன்ற எரியறை. அதை நிரப்ப மேடிட்ட பிஸ்டன். டக்வொர்த் வால்வுகளை நெருங்கிய கோணத்தில் நிறுத்தி, எரியறையைத் தாழ்த்தி, பிஸ்டனின் தலையை ஏறக்குறைய தட்டையாக்கினார். உள்ளே பாயும் கலவை பீப்பாய் உருள்வதுபோல் புரண்டது, விரைந்து எரிந்தது. இதுவே 1966இல் உருவான எஃப்.வி.ஏ. இன்று நம் தெருக்களில் ஓடும் சாதாரணக் கார்களிலும் நெருங்கிய கோணத்து நான்கு வால்வுகளைக் காண்கிறோம். அவ்வழியைச் செப்பனிட்டோருள் முதன்மையானவர் டக்வொர்த்.

இதற்கிடையில் ஃபார்முலா 1 விதிகள் மாறின. 1966 முதல் எஞ்சின் அளவு ஒன்றரை லிட்டரிலிருந்து மூன்று லிட்டராயிற்று. லோட்டஸுக்கு எஞ்சின் வழங்கிவந்த கோவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் அத்தோடு விலகிக்கொண்டது. சாப்மன் தம்மைவிட்டுப் போன டக்வொர்த்திடமே வந்து நின்றார். கேட்ட விலை ஒரு லட்சம் பவுண்டு. அப்பணத்தை ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து பெற்றுத் தந்தவர் வால்டர் ஹேய்ஸ். இவர் பொறியாளர் அல்லர். ஃபோர்டில் சேருமுன் ஞாயிறு இதழ் ஒன்றின் ஆசிரியராயிருந்த பத்திரிகையாளர். இலக்கிய இதழ் படிப்போர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். எழுத்துத் தொழிலிலிருந்து சென்றவர்கள் சில வேளைகளில் பயனுள்ள காரியங்களும் செய்திருக்கிறார்கள்.

ஒப்பந்தப்படி முதலில் நான்கு உருளை எஃப்.வி.ஏ., அதைத் தொடர்ந்து இரண்டு நான்கு உருளை வரிசைகளைச் சாய்த்து இணைத்தாற்போன்ற எட்டு உருளை எஞ்சின். அதன் பெயர் டி.எஃப்.வி. மைக் ஹால் போன்றோர் நுண்பகுதிகளை வரைய, டக்வொர்த் 1966ஆம் ஆண்டின் பெரும்பகுதியை வரைபலகையின்முன் கழித்தார். எஞ்சினே வண்டியின் முதுகெலும்பாகவும் இருந்தது இதன் தனிச்சிறப்பு. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் சட்டகம் முடிந்துவிடும். அங்கிருந்து பின்சக்கரங்கள் வரை வண்டியைத் தாங்குவது எஞ்சின்தான்.

1967 ஜூன் 4. நெதர்லாந்தின் ஸாண்ட்வூர்ட் தடம். லோட்டஸ் 49 வண்டியில் டி.எஃப்.வி. முதன்முறையாகக் களமிறங்கியது. வண்டியைச் சோதித்துப் பார்த்திருந்த கிரஹாம் ஹில் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். அவ்வாரத்தில்தான் வண்டியை முதன்முதலாக ஓட்டிய கிளார்க் எட்டாமிடத்திலிருந்து புறப்பட்டார். முன்னணியில் சென்ற ஹில் சில சுற்றுகளிலேயே நின்றுபோனார். கேம் தண்டை ஓட்டும் பற்சக்கரத்தில் பற்கள் உடைந்திருந்தன. கிளார்க் வென்றார். முதற்களத்திலேயே வெற்றி என்று உலகம் கொண்டாடிய அந்நாளில், பட்டறைக்குத் திரும்பிய செய்தி இரண்டு: ஒரு கோப்பை, சில உடைந்த பற்கள்.

அவ்வாண்டின் கணக்கைப் பார்ப்போம். ஸாண்ட்வூர்ட் தொடங்கி நடந்த பந்தயங்கள் ஒன்பது. ஒன்பதிலும் தகுதிச்சுற்றில் முதலிடம் பெற்றது லோட்டஸ் 49. வென்றதோ நான்கில் மட்டும். நான்கிலும் ஓட்டியவர் கிளார்க். சாம்பியன் பட்டம் பிரபாம் அணியின் டென்னி ஹியூமுக்குப் போயிற்று. அவருடைய ரெப்கோ எஞ்சின் இதைவிட வலிமை குறைந்தது. ஆனால் பந்தய முடிவுவரை ஓடிற்று. விரைவுக்கும் நிலைப்புக்கும் இடையிலான இவ்விடைவெளியே நார்தாம்ப்டன் பட்டறையின் உண்மையான பாடம்.

சோதனைமேடையின் எல்லைகள் அப்போது வெளிப்பட்டன. மேடையில் பார்த்தால் திறன் வரைகோடு அழகாக ஏறிற்று. தடத்திலோ, ஏறத்தாழ 6500 சுற்றுகளில் திறன் சட்டென்று வெடித்துக் கிளம்புவதாகவும், வளைவுகளில் வண்டியை அடக்குவது கடினமாயிருப்பதாகவும் ஓட்டுநர்கள் முறையிட்டனர். வரைகோட்டில் அது குற்றமாகத் தெரியவில்லை. ஓட்டுபவரின் வலக்காலில்தான் தெரிந்தது. காற்றுக் கதவைத் திறக்கும் இணைப்பின் வடிவத்தை மாற்றி, முதலில் மெல்லவும் பின்னர் விரைவாகவும் திறக்கும்படி செய்தனர். இங்கே எஞ்சினுக்குத் திறன் கூட்டப்படவில்லை. மனிதக் காலுக்கு ஏற்ப அது பழக்கப்படுத்தப்பட்டது, அவ்வளவே.

பற்சக்கரத்தின் கதை அத்துணை எளிதாக முடியவில்லை. கேம் தண்டு வால்வைத் திறக்கும்போது சுருள்வில் அதை எதிர்க்கிறது; மூடும்போது அதே சுருள்வில் தண்டை முன்னோக்கி உந்துகிறது. நிமிடத்துக்கு 9000 முறை சுழலும் எஞ்சினில் இத்தள்ளலும் இழுத்தலும் நொடிக்குப் பன்னூறு முறை நிகழும். கிராங்க் தண்டும் தன் பங்குக்கு முறுக்கி முறுக்கித் துடிக்கும். இரு துடிப்புகளும் ஒத்திசையும் வேகத்தில், கணக்கிட்டதைவிடப் பன்மடங்கு பளு ஒரு சிறு பல்லின்மேல் இறங்கும். பல்லைத் தடிப்பாக்கலாம், உயர்ந்த எஃகு இடலாம். இரண்டும் காலத்தைச் சற்று நீட்டுமேயன்றி நோயைத் தீர்க்கா. சில ஆண்டுகளுக்குப் பின் டக்வொர்த் கண்ட தீர்வு நேர்மாறானது: வலுவூட்டாமல் வளையவிடுவது. பற்சக்கர வரிசையில் ஒன்றின் நடுக்குடத்துக்குள் பன்னிரண்டு மெல்லிய எஃகுத் தண்டுகளைப் பொருத்தினார். அதிர்ச்சி வரும்போது அவை சிறிதே முறுகி இடங்கொடுக்கும். உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு பொருளுக்குப் பின் பற்கள் நிலைத்தன. அது உருவாகும் வரை ஒவ்வொரு உடைந்த சக்கரமும் பட்டறை மேசையில் ஒரு சுவடி போல வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த முகத்தில் தேய்வு, எந்த வேரில் விரிசல் என்று பார்ப்பதும் ஒருவகை வாசிப்புத்தானே.

1968 முதல் டி.எஃப்.வி. பிற அணிகளுக்கும் கிடைத்தது. லோட்டஸ் ஒன்றே வென்றுகொண்டிருந்தால் போட்டி செத்துவிடும் என ஹேய்ஸ் அஞ்சினார். விலை 7500 பவுண்டு. மக்லாரன் வாங்கிற்று, மாத்ரா வண்டிகளை ஓட்டிய கென் டிரெல் வாங்கினார், பின்னர் பிராங்க் வில்லியம்ஸ் போன்ற எளிய முதலாளிகளும் வாங்கினர். எஞ்சின் காஸ்வொர்த்திடம், கியர்பெட்டி ஹியூலாண்டிடம். சட்டகம் மட்டும் சொந்தக் கொட்டகையில். இத்தகையோரை என்ஸோ ஃபெராரி ஏளனமாகக் குறிப்பிட்டதுண்டு. ஆனால் எல்லோரிடமும் ஒரே எஞ்சின் என்ற நிலையில், அதைப் பிரித்துக் கோக்கும் கைகளின் மதிப்பு உயர்ந்தது. நார்தாம்ப்டனுக்கு வெளியிலும் பட்டறைகள் கிளைத்தன. ஒரே வரைபடத்திலிருந்து பிறந்த இரு எஞ்சின்கள் மேடையில் ஒரே எண்ணைத் தரா என்பது அங்கெல்லாம் அறிந்த உண்மை.

1968 ஏப்ரல் 7 அன்று ஹாக்கன்ஹைம் தடத்தில் கிளார்க் இறந்தார். அது ஃபார்முலா 2 பந்தயம், வண்டியிலிருந்தது எஃப்.வி.ஏ. எஞ்சின் காரணமன்று, காற்றிறங்கிய டயரையே பெரும்பாலோர் சுட்டினர். ஆண்டிறுதியில் சாம்பியன் ஆனவர் ஹில். ஸாண்ட்வூர்டில் உடைந்த பற்களோடு இறங்கி நடந்தவர்.

பின்னதை விரைந்து சொல்லிவிடலாம். 1983 ஜூனில் டெட்ராய்ட்டில் மிக்கேல் அல்போரெட்டோ பெற்ற வெற்றியோடு, திருத்திய வடிவங்களையும் சேர்த்து, இவ்வெஞ்சினின் ஃபார்முலா 1 வெற்றிகள் 155 ஆயின. ஓட்டுநர் பட்டங்கள் 12. லெமான் 24 மணிப் பந்தயத்தை 1975இலும் 1980இலும் வென்றது. 1977இல் ரெனோ கொணர்ந்த டர்போ எஞ்சின்கள், தொடக்கத்தில் புகைகக்கி நகைப்புக்கு ஆளாயினும், இறுதியில் அதை வெளியேற்றின. 400 குதிரைத்திறனில் தொடங்கிய டி.எஃப்.வி. 500ஐத் தொட்டிருந்தது, டர்போக்கள் அதைக் கடந்து வெகுதூரம் சென்றன. டக்வொர்த்துக்கு டர்போ பிடிக்கவில்லை. ஒரு விதிக்குள் எரிபொருளை எத்துணைச் சிக்கனமாக வலிமையாக்குகிறோம் என்பதே போட்டியாக வேண்டுமென்பது அவர் வாதம். அன்று அதற்குச் செவிசாய்த்தோர் சிலரே. 2014 முதல் ஃபார்முலா 1 எஞ்சின்களுக்கு எரிபொருள் பாயும் அளவுக்கே உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2005 டிசம்பரில் மறைந்த டக்வொர்த் அதைக் காணவில்லை.