ரூ.118 கோடிக்கு விற்ற கிராமத்து ஓவியம்.. நாட்டை விட்டுப் போன எம்.எஃப்.ஹுசைன் யார்? முழு விவரம்

சுமார் 14 அடி நீள ஓவியம். அதற்குள் 13 சின்னச் சின்ன காட்சிகள். எல்லாமே இந்தியக் கிராமத்து வாழ்க்கை. பெயர் 'கிராம யாத்ரா'. 2025 மார்ச் 19-ல் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் இது 1.37 கோடி டாலருக்கு மேல், அதாவது சுமார் ரூ.118 கோடிக்கு விற்றது. அதுவரை ஏலத்தில் எந்த நவீன இந்திய ஓவியத்துக்கும் இந்த விலை கிடைத்ததில்லை.

வரைந்தவர் எம்.எஃப்.ஹுசைன். ஆனால், அவர் உயிர் பிரிந்தது இந்தியாவில் இல்லை, லண்டனில். ஏன்?

பேனர் வரைந்த இளைஞர்

1915-ல் மகாராஷ்டிராவின் பண்டரிபுரத்தில் பிறந்தவர் மக்பூல் ஃபிதா ஹுசைன். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். இளம் வயதில் பம்பாய் வந்து சினிமா பேனர் வரைந்தார். பிறகு பொம்மை, பர்னிச்சர் டிசைன் செய்யும் வேலை. கிடைத்த நேரத்தில் ஓவியம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து, தனக்குப் பிடித்த வேலைக்கு நேரம் தேடுபவர்களுக்கு இந்த வாழ்க்கை நன்றாகவே புரியும்.

1947-ல் எஃப்.என்.சூசா, எஸ்.எச்.ரஸா போன்றோருடன் முற்போக்கு ஓவியர்கள் குழுவில் சேர்ந்தார். அதன்பின் ஏறுமுகம்தான்.

* 1967: இவர் எடுத்த குறும்படத்துக்கு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது
* 1971: பிரேசிலின் சாவோ பாலோ கண்காட்சியில் பிக்காசோவுடன் சிறப்பு அழைப்பாளர்
* 1986: மாநிலங்களவை நியமன உறுப்பினர்
* 1991: பத்ம விபூஷண்

ஓவியங்களில் என்ன ஸ்பெஷல்?

பாய்ந்து வரும் குதிரைகள் இவரது அடையாளம். தடித்த கோடு, அடர்ந்த வண்ணம் என்று பார்த்தவுடன் 'இது ஹுசைன்' என்று சொல்லிவிடலாம். அன்னை தெரசாவை வரைந்தபோது முகத்தையே வரையவில்லை. நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை மட்டும்தான். தன் தாயின் முகம் அவருக்கு நினைவில் இல்லாததுதான் காரணம் என்று சொல்வார்கள். சினிமா ஆசையும் விடவில்லை. 2004-ல் அவர் இயக்கிய 'மீனாக்ஷி' படத்துக்கு இசை ஏ.ஆர்.ரஹ்மான்.

சிக்கல் எங்கே தொடங்கியது?

1970-களில் சரஸ்வதியை ஆடையின்றி வரைந்திருந்தார். 1996-ல் ஒரு இந்திப் பத்திரிகை இதை எழுதியதும் எதிர்ப்பு கிளம்பியது. இந்துக்களின் மனம் புண்படுகிறது என்று பல ஊர்களில் வழக்குகள். 1998-ல் மும்பை வீடு தாக்கப்பட்டது. நம் கோயில் சிற்பங்களிலேயே இந்த மரபு இருக்கிறதே என்று ஆதரவாளர்கள் கேட்டார்கள். 2006-ல் 'பாரத மாதா' ஓவியமும் சர்ச்சையானது. அதே ஆண்டு நாட்டை விட்டு வெளியேறினார். அப்போது வயது 90.

கோர்ட் என்ன சொன்னது?

2008 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், பாரத மாதா ஓவியம் தொடர்பான வழக்குகளை ரத்து செய்தார். இந்த நீதிபதியின் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2016-ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக, 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் பெருமாள்முருகனுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த அமர்வுக்குத் தலைமை வகித்தவரும் இவர்தான்.

பெருமாள்முருகன் திரும்ப எழுத வந்தார். ஹுசைன் ஊர் திரும்பவில்லை. மிரட்டல்கள் ஓயாத நிலையில், தீர்ப்பு மட்டும் அவருக்குப் பாதுகாப்பு தரவில்லை.

கடைசி வருஷங்கள்

துபாய், லண்டன், தோஹா என்று வாழ்ந்தார். 2010-ல் கத்தார் குடியுரிமை பெற்று, இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தார். கத்தாருக்காக அரபு நாகரிகத்தை வரைந்த அதே நாட்களில், லண்டனில் இந்திய நாகரிகம் பற்றிய பெரிய ஓவியத் தொடரும் வரைந்துகொண்டிருந்தார். அதை முடிப்பதற்குள், 2011 ஜூன் 9-ல் 95 வயதில் காலமானார். இங்கிலாந்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இப்போது என்ன நிலை?

'கிராம யாத்ரா'வை 1954-ல் டெல்லியில் வாங்கிய டாக்டர், அதை நார்வேயின் ஆஸ்லோ மருத்துவமனைக்குக் கொடுத்திருந்தார். அதனால் ஏலப் பணம் அங்கே டாக்டர்களின் பயிற்சிக்குப் போகிறது. இந்த ஏலத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 2025 ஜனவரியில், டெல்லி கேலரி ஒன்றில் வைத்திருந்த ஹுசைனின் இரண்டு ஓவியங்களைப் பறிமுதல் செய்ய அங்குள்ள நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில், அவருக்கென்றே தனி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அது இருப்பது தோஹாவில். கத்தாரில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்கள் லீவு நாளில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.