வலையும் சட்டமும்: சேலம் சமவெளியில் வங்காநரி பிடித்தலும் இளையோருக்கான வன உயிரினக் கல்வியும்

ஆய்வுச் சுருக்கம்

சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி நிகழ்த்தப்பட்டுவரும் 'வங்காநரி ஜல்லிக்கட்டு' வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். அதைத் தடுக்க வனத்துறை ஊர்தோறும் விழிப்புணர்வுப் பரப்புரை செய்கிறது. அப்பரப்புரை தண்டனையை முன்னிறுத்துகிறது. நரி பிடித்தல் எப்போது, எவ்வாறு குற்றமாயிற்று என்ற வரலாறு அதில் இடம்பெற்றால்தான் இளைஞர்கள் தடையின் நியாயத்தை உணர்வர் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: வேட்டை, வலை, வங்காநரி, வாழப்பாடி, வன உயிரினப் பாதுகாப்பு, விழிப்புணர்வு.

முன்னுரை

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் வழியில் அமைந்த வாழப்பாடியைச் சுற்றியுள்ள சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி முதலிய ஊர்களில் தை மாதத்தில் நரியின் முகத்தில் விழிப்பது நன்மை தரும் என்ற நம்பிக்கை நிலவுகிறது. இளைஞர்கள் காட்டோரங்களில் வலை கட்டி நரியைப் பிடிப்பர். அதன் வாயைக் கட்டி ஊர்வலமாகக் கோவிலுக்குக் கொண்டுவருவர். கயிற்றில் பிணைத்து ஓடவிட்டபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். வழக்குப் பதியப்படும்போது ஊரார் கூறும் விடை ஒன்றே: "நாங்கள் கொல்வதில்லை, எனவே இது வேட்டையாகாது." இவ்விடையைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. வேட்டை என்னும் சொல்லுக்கு ஊர் கொள்ளும் பொருளும் சட்டம் கொள்ளும் பொருளும் வேறுபடுவதை அது காட்டுகிறது.

வேட்டை என்னும் சொல்

இன்று நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் வேட்டைத் திறனைப் புறநானூற்றின் 152ஆம் பாடல் புகழ்கிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பு வீழ்த்தியதாக அப்பாடல் கூறும். ஓரிக்குக் கொல்லிமலையில் ஆண்டுதோறும் அரசு விழா எடுக்கப்படுகிறது. ஆயுதமும் கொலையும் சேர்ந்ததே வேட்டை என்ற எண்ணம் இவ்வட்டார நினைவில் வலுப்பெற்றிருப்பதற்கு இம்மரபும் ஒரு காரணமாகலாம். ஆயினும், எயினர் வலை கட்டி, நாய்களை ஏவி முயல் பிடித்ததைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகச் சித்திரிக்கிறது. ஆகவே வலைகொண்டு பிடித்தலும் வேட்டையே என்பதற்குத் தமிழ் மரபிலேயே சான்று உண்டு.

சட்டத்தின் பார்வையில் நரி

காலனிய அரசின் தொடக்கச் சட்டங்கள் தனி விலங்கையும் தனி நிலத்தையும் ஆயுதத்தையும் பற்றியவை. 1873ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் காட்டு யானையைக் காத்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கோரியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டினுள் வேட்டையாடுதலை விதிகளுக்கு உட்படுத்தியது. 1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் மானும் முயலும் இருந்தன, நரி இல்லை. எனவே காப்புக்காட்டுக்கு வெளியே, புன்செய் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வலை கட்டி நரி பிடித்தவரை இச்சட்டங்கள் தொடவில்லை.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் நரிக்குக் காப்பளிக்கவில்லை. காகம், எலி முதலியவற்றோடு நரியையும் குள்ளநரியையும் தீங்குயிர்களுக்குரிய ஐந்தாம் அட்டவணையில் அது வைத்தது. பின்னரே அவை இரண்டாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டன. உரிமம் பெற்று வேட்டையாடும் முறையை 1991ஆம் ஆண்டுத் திருத்தம் முடிவுக்குக் கொண்டுவந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுவான மீறல்களுக்குரிய அபராத உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து 1,00,000 ரூபாயாக உயர்த்தியது. சட்டத்தின் 2(16)ஆம் பிரிவு கொல்லுதலோடு பிடித்தல், கண்ணி வைத்தல், பொறியில் சிக்கவைத்தல், விரட்டுதல் ஆகியவற்றையும் வேட்டை என்றே வரையறுக்கிறது.

பாட்டனின் இளமையில் அரசே தீங்குயிர் என்று ஒதுக்கிய விலங்கு, பேரனின் காலத்தில் காக்கப்பட வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தை ஊருக்கு விளக்காமல் தண்டனையை மட்டும் அறிவிக்கும்போது, தம் வழிபாட்டின்மீது அரசு காரணமின்றிக் கைவைக்கிறது என்றே ஊரார் கருதுகின்றனர்.

பரப்புரையின் உள்ளடக்கம்

பிறநாட்டு வேட்டைக் கல்வியோடு இதை ஒப்பிடலாம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1949இல் இளம் வேட்டையர்க்குப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. பயிற்சியின் முடிவில் அவர்கள் உரிமம் பெறும் தகுதி அடைவர். 1991க்குப் பின் இந்தியாவில் அத்தகைய உரிமத்துக்கு இடமில்லை. இங்குப் பயிற்சி பெறும் இளைஞனிடம் ஒரு வழக்கத்தைக் கைவிடுமாறு கேட்கிறோம். ஆகவே அவனுக்குக் காரணங்கள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

அக்காரணங்களுள் முதன்மையானது பருவம். வங்காள நரி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இணைசேரும். அதன் சினைக்காலம் ஏறத்தாழ 50 நாள். பொங்கலில் பிடிபடும் பெண்நரி சினையுற்றதாக இருக்க வாய்ப்புண்டு. ஆணும் பெண்ணும் இணையாக வாழ்வதால் ஒன்றைப் பிடிப்பது மற்றதையும் குட்டிகளையும் பாதிக்கும். இரண்டாவது காரணம் வேளாண்மை. எலியையும் பூச்சியையும் உண்ணும் நரி மானாவாரி உழவர்க்குத் துணை செய்வது. மூன்றாவது காரணம் பிடிப்பவரின் உயிர். நரி கடித்தால் ரேபிஸ் தொற்றக்கூடும். நோய்க்குறிகள் தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது. கடித்த இடத்தை உடனே சோப்பிட்டுக் கழுவித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும், அவுட்டுக்காய், திருட்டு மின்வேலி, உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கி ஆகியவற்றின் கேட்டையும் இப்பரப்புரையிலேயே சேர்த்துச் சொல்லலாம்.

பிடித்து விடுவதெல்லாம் குற்றமோ என்ற வினாவும் எழும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கு விடை தருகிறது. பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டபின் வாழ்விழந்த இருளர், வனத்துறையின் அனுமதியோடு பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சு முறிமருந்தாகி உயிர் காக்கிறது. அங்கே பிடித்தலுக்கு நோக்கமும் வரம்பும் அனுமதியும் உள்ளன. வேட்டையரின் அறிவு அழியாமல் வேறு பயனுக்குத் திரும்பிய வரலாறு அது. நரியின் வங்கு எங்குள்ளது, தடம் எவ்வாறு இருக்கும், எப்போது வெளிவரும் என்பவற்றை வாழப்பாடி வட்டாரத்து வலைகாரர்கள் அறிவர். நரிகளின் எண்ணிக்கையைக் கணக்கெடுக்க அவ்வறிவு பயன்படும்.

முடிவுரை

பொங்கலுக்கு முந்தைய நாள்களில் மட்டும் ஊருக்கு வரும் பரப்புரை, ஊராரின் கண்ணுக்குக் காவல் நடவடிக்கையாகவே தோன்றும். அறுவடைக்கு முன்பே பள்ளிக்கும் ஊர்ச் சாவடிக்கும் சென்று, அட்டவணை மாறிய வரலாற்றையும் நரியின் இனப்பெருக்கப் பருவத்தையும் விளக்கி, முதியோரின் அறிவைக் கேட்டுப் பதிவு செய்வதாக அது மாற வேண்டும். கொல்லாமை பாராட்டத்தக்கது என்பதை ஏற்றுக்கொண்டே, பிடித்தலும் துன்பமே என்று சொல்ல இயலும். வழக்குக்கு அஞ்சி விட்டுவிட்ட வழக்கம் கண்காணிப்பு தளர்ந்ததும் திரும்பிவரும். காரணம் உணர்ந்து விட்டது அவ்வாறு எளிதில் திரும்பாது.