வாகனத்தில் கைவைப்பது வன்முறையா?

பிறர் வாகனத்தை அனுமதியின்றி ஓட்டிச் செல்வது குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வன்முறைக் குற்றமா? இந்தக் கேள்விக்கான பதிலில் அமெரிக்காவில் பலரது வாழ்நாளின் ஆண்டுகள் தங்கியிருந்தன.

அங்கு 1984 இல் இயற்றப்பட்டு 1986 இல் விரிவாக்கப்பட்ட சட்டமொன்று, வன்முறைக் குற்றங்களுக்காகவோ பாரதூரமான போதைப்பொருட் குற்றங்களுக்காகவோ மும்முறை தண்டிக்கப்பட்டவர் பின்னர் துப்பாக்கியுடன் பிடிபட்டால், குறைந்தது 15 ஆண்டுகள் சிறை என விதித்தது. அன்று அவ்வாறு தண்டிக்கப்படாதவருக்கு உச்சத் தண்டனையே 10 ஆண்டுகள்தான். பிறருக்குக் காயம் விளைவிக்கக்கூடிய பாரிய அபாயமுள்ள செயலும் வன்முறையே என்றது அச்சட்டத்தின் ஒரு வாசகம். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

மிசூரி மாநிலச் சட்டத்தில், உரிமையாளரின் சம்மதமின்றி வாகனத்தை ஓட்டுவதும் 'வாகனத்தில் கைவைத்தல்' என்னும் குற்றத்துள் அடங்கும். உரிமையாளரோடு மோதல் ஏற்படலாம், தப்பியோடுகையில் விபத்து நேரலாம் எனக் கருதிய எட்டாவது பிரதேச மேன்முறையீட்டு நீதிமன்றம், அதனை வன்முறை என்றே கொண்டது.

2008 இல், மதுபோதையில் வாகனம் ஓட்டிய ஒருவரின் வழக்கில், அபாயம் மட்டும் போதாது. செயல் வேண்டுமென்றே புரியப்பட்டதாகவும், வன்மையும் மூர்க்கமும் கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டில் எட்டாவது பிரதேச நீதிமன்றம் தனது நிலைப்பாட்டைக் கைவிட்டது. 2015 இல் அந்த வாசகமே தெளிவற்றது எனச் செல்லுபடியற்றதாக்கப்பட்டது.

மாநிலச் சட்டம் மாறவில்லை. புரியப்பட்ட செயலும் மாறவில்லை. மாறியது ஒரு சொல்லின் பொருள் மாத்திரமே. சட்டத்தின் சொல் மங்கலாயிருப்பின், அதன் விலையைச் சிறையிலிருப்பவனே செலுத்துகிறான்.