இலத்தீன் மாணவர் போட்டிகள்: ஒரு வரலாற்று நோக்கு



ஸ்ரீவில்லிபுத்தூர் மண்ணுக்குப் புலமைப் போட்டி புதியதன்று. பாண்டிய மன்னன் மதுரை அவையில் பொற்கிழி கட்டித் தொங்கவிட்டான் என்றும், இவ்வூர் விஷ்ணுசித்தர் அங்குச் சென்று வாதில் வென்று அக்கிழியைப் பெற்றார் என்றும் வைணவ மரபு கூறும். அவரே பெரியாழ்வார். அவர் திருமகள் ஆண்டாள் பாடிய திருப்பாவையின் 30 பாசுரங்களையும் மார்கழியில் சிறுவர் சிறுமியர் ஒப்புவித்துப் பரிசு பெறுவதை நாம் அறிவோம். இராஜபாளையத்துப் பள்ளி விழாக்களிலும் திருக்குறள் ஒப்புவித்தல் இல்லாமற்போவது அரிது.

நமது திருச்சபைக்கும் இத்தகைய போட்டி மரபு ஒன்று உண்டு. அது இலத்தீன் மொழியில் நடந்தது. அம்மொழி நம் பீடத்தைவிட்டு விலகி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆயினும் அந்த மரபிலே இன்றைய நம் மறைக்கல்வி வகுப்புக்கும் வேண்டிய நல்ல பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. அதனை இந்த யூபிலி மலரில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

இரு படைகளாகப் பிரிந்த வகுப்பு

புனித இஞ்ஞாசியார் நிறுவிய சேசு சபையார் 1548ஆம் ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில் பொதுமாணவர்க்கெனத் தம் முதற் கல்லூரியைத் திறந்தனர். அரை நூற்றாண்டு அனுபவத்துக்குப்பின், 1599ஆம் ஆண்டு, தங்கள் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான கல்வித் திட்டம் ஒன்றை வெளியிட்டனர். 'ராசியோ ஸ்துதியோரும்' என்பது அதன் சுருக்கப் பெயர். எந்த வகுப்பில் எந்த இலக்கணம், எந்த நூல், எத்தனை நாழிகை என்பதோடு, போட்டி எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பதையும் அது வரையறுத்தது.

மாணவன் ஒவ்வொருவனுக்கும் வகுப்பிலே எதிராளி ஒருவன் குறிக்கப்படுவான். ஒருவன் பாடம் ஒப்புவிக்கும்போது மற்றவன் பிழை பிடிக்க வேண்டும். வினைச்சொல் ஒன்றைச் சொன்னால் அதன் காலம், இடம், எண் யாவற்றையும் மற்றவன் தடுமாறாமல் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் வகுப்பு முழுவதையும் இரு அணிகளாகப் பிரித்து, ஒன்றுக்கு உரோமை என்றும் மற்றதற்குக் கார்த்தேஜ் என்றும் பெயரிட்டு, எதிரெதிர் வாங்குகளில் அமர்த்தினர். பண்டைய உலகின் இருபெரும் பகைவர்களின் போர், இங்கே இலக்கணப் போராக நடந்தது! நன்றாக எழுதிய மாணவர்க்கு உரோமைப் பதவிப் பெயர்கள் கிட்டின. அப்பதவியும் நிலையானதன்று. மாதம் ஒருமுறையோ இரு மாதங்களுக்கு ஒருமுறையோ புதிதாக எழுதி வென்றவனுக்கே அது போகும்.

பத்துப் பேருக்கு ஒருவனாக 'தெகூரியோன்' என்னும் மாணவத் தலைவரும் இருந்தனர். தோழர்களின் மனப்பாடத்தைக் கேட்டு, ஆசிரியருக்குக் கணக்குக் கொடுப்பது அவர்கள் வேலை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை நினைத்துக்கொண்டால் போதும்.

பெயரில்லாத தாள்

அக்கல்வித் திட்டத்தில் பரிசுகளைப் பற்றித் தனி விதிகளே உள்ளன. மேல்வகுப்புக்கு எட்டுப் பரிசுகள்: இலத்தீன் உரைநடைக்கு இரண்டு, இலத்தீன் செய்யுளுக்கு இரண்டு, கிரேக்க உரைநடைக்கு இரண்டு, கிரேக்கச் செய்யுளுக்கு இரண்டு. கீழ்வகுப்புகளுக்குப் பரிசுகளின் எண்ணிக்கை குறையும். இவையன்றி, ஞானோபதேசத்தைச் சிறப்பாகச் சொல்பவர்க்கு வகுப்புதோறும் ஒன்றிரண்டு பரிசுகள் உண்டு.

இவற்றுள் நம் கவனத்துக்கு முக்கியமானது ஒரு விதி. போட்டியில் எழுதும் மாணவன் தன் தாளில் பெயர் எழுதலாகாது. தனக்கு விருப்பமான ஓர் அடையாளத்தை மட்டும் அதில் இடவேண்டும். வேறொரு தாளில் அதே அடையாளத்தையும் தன் பெயரையும் எழுதி, பெயர் தெரியாதபடி மூடித் தரவேண்டும். கற்றறிந்த நடுவர் மூவர் தாள்களைப் படித்துத் தீர்ப்புச் சொல்வர். அவருள் ஒருவர் வெளியாராகவும் இருக்கலாம். தீர்ப்பு முடிந்த பின்னரே பெயர்த் தாள் திறக்கப்படும்.

எழுதியவன் பிரபுவின் மகனா, செம்மானின் மகனா என்பது நடுவருக்குத் தெரியாது. குலமே ஒருவனின் மதிப்பை நிர்ணயித்த அந்த நாளைய ஐரோப்பாவில் இது சிறிய காரியமன்று.

போட்டியைக் குறை கூறியோரும் அக்காலத்தில் இல்லாமலில்லை. அது பெருமையையும் பொறாமையையும் வளர்க்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் போர்ரோயல் பள்ளியார் அதனை விலக்கினர். ஆனால் அவர்களின் நண்பரான பாஸ்கல் என்னும் பேரறிஞரே, ஊக்கும் போட்டியில்லாமல் அப்பிள்ளைகள் மந்தமாகிவிடுவதைக் கவனித்து எழுதிவைத்தார். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. இக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

தமிழகத்தில் இலத்தீன்

இத்தகைய இலத்தீன் கல்வியில் ஊறி நம் நாட்டுக்கு வந்தவரே வீரமாமுனிவர். 1680ஆம் ஆண்டு இத்தாலியில், புனித ஞானப்பிரகாசியார் பிறந்த அதே காஸ்திலியோனே நகரிலே பிறந்து, 1698இல் சேசு சபை புகுந்து, 1710இல் கோவா வந்து சேர்ந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் அவர் பணிபுரிந்தது நம் பகுதியாருக்குப் பெருமை தருவதாகும்.

தேம்பாவணி தந்த அவர், புதிதாக வரும் குருக்கள் தமிழ் கற்பதற்காக இலத்தீனிலே தமிழ் இலக்கணங்கள் எழுதினார். அவற்றுள் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில், லுத்தரன் சபையாரின் அச்சகத்தில் அச்சேறியது. சபை வேற்றுமை இருந்தும் தமிழுக்காக அவ்வச்சகம் அவருக்குக் கதவு திறந்தது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தார். நாமெல்லாம் சிரித்து மகிழும் பரமார்த்த குரு கதையும் தமிழ் பயில்வோருக்குப் பாடமாக, இலத்தீன் பெயர்ப்போடு அமைந்ததே. வினையையும் வேற்றுமையையும் போட்டி போட்டுக் கற்ற பயிற்சி, தமிழ் இலக்கணம் எழுதும் கைக்கு வலுவூட்டியது என்று சொன்னால் மிகையாகாது.

1773இல் கலைக்கப்பட்டு 1814இல் மீண்டும் உயிர்பெற்ற சேசு சபையிலிருந்து, பிரெஞ்சு நாட்டுக் குருக்கள் 1838இல் மதுரை மிஷனை மறுபடி ஏற்றனர். 1844இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு மாறியது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் மாணவர் எடுத்துப் படிக்கக்கூடிய மொழிகளுள் இலத்தீனையும் ஏற்றிருந்தது. செண்பகனூரிலே 1895 முதல் சேசு சபையின் இளந்துறவியர் இலத்தீன் பயின்றனர்.

1893இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் இலங்கையின் கண்டியில் பாப்பரசர் குருமடத்தை நிறுவினார். இந்திய நாட்டின் ஆன்ம ஈடேற்றத்துக்கு இந்திய மைந்தரே பணியாளராக வேண்டும் என்பது அவர் நோக்கம். தமிழர், மலையாளிகள், கொங்கணியர், சிங்களவர் என்று பல மொழியினர் அங்குக் கூடினர். அவர்கள் பாடம் கேட்டதும் தேர்வு எழுதியதும் இலத்தீனில். 1955இல் அக்குருமடம் பூனாவுக்கு மாற்றப்பட்டது. நம் நாட்டுப் பையன் ஒருவன் ஐரோப்பியரோடு சரிநிகராக நின்று வாதாட அம்மொழி அன்று ஏணியாக உதவியது. அதே வேளையில், இலத்தீன் வராது என்ற காரணத்தால் நல்ல அழைத்தல் பெற்ற பிள்ளைகள் பலர் வீடு திரும்பியதும் உண்டு. ஏணியே சிலருக்கு வேலியாகவும் ஆயிற்று.

பீடத்திலிருந்து விடைபெற்ற மொழி

பள்ளியில் இலத்தீன் படிக்காத நம் ஊர்ச் சிறுவருக்கும் ஒரு போட்டி இருந்தது. பூசைக்கு உதவி செய்ய வேண்டுமாயின் குருவானவருக்குச் சொல்லவேண்டிய மறுமொழிகளை இலத்தீனில் மனப்பாடம் செய்தாக வேண்டும். பொருள் தெரியாவிட்டாலும், தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, உபதேசியாரிடம் ஒப்புவித்து, யார் முதலில் தேறுவது என்று பிள்ளைகள் முந்துவர். நம் முதியோருள் சிலருக்கு அந்த மறுமொழிகள் இன்னும் நாவிலே நிற்கின்றன.

1962 பெப்ருவரி 22ஆம் நாள் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் இலத்தீன் கல்வியை வலியுறுத்தி ஏடு வெளியிட்டார். அதே ஆண்டு தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம், 1963 டிசம்பர் 4ஆம் நாள், இலத்தீனைக் காத்துக்கொண்டே மக்களின் மொழிக்கு வழிபாட்டில் இடந்தந்தது. நம் தாய்மொழி பீடத்தில் ஒலித்தது. பொருள் தெரியாமல் சொன்ன காலம் போய்ப் பொருள் அறிந்து செபிக்கும் காலம் வந்தது. இதனை இழப்பென்று எவரும் சொல்லார்.

ஆயினும் உலகில் இலத்தீன் போட்டிகள் ஓயவில்லை. அமெரிக்காவில் 1936இல் தோன்றிய இளையோர் செவ்வியல் கழகத்தின் கூட்டங்களில், நால்வர் கொண்ட அணிகள் மணியை அழுத்திப் போட்டியிடும் வினாடி வினா நடக்கிறது. அதன் பெயரே 'செர்த்தாமென்', அதாவது போட்டி. இத்தாலியில் சிசரோ பிறந்த அர்ப்பீனோ ஊரில் 1980 முதல் நடந்துவரும் போட்டியில், பல ஐரோப்பிய நாட்டு மாணவர் கூடி சிசரோவின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து விளக்கம் எழுதுகின்றனர்.

பள்ளியில் கற்ற இலத்தீன் எங்கே பயன்படும் என்று கேட்போருக்கு ஒரு செய்தி. 2013 பெப்ருவரி 11ஆம் நாள் திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பர் தாம் பதவி விலகுவதை கர்தினால்மார் முன் இலத்தீனில் அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்த செய்தியாளருள், இத்தாலியச் செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த ஜொவான்னா கிர்ரி என்னும் பெண்மணி இலத்தீன் கற்றிருந்தமையால் உடனே பொருளறிந்து, செய்தியை உலகுக்கு முந்தித் தந்தார்.

நமக்கு என்ன?

முதலாவது, நம் பழைய ஏடுகள். திருச்சங்கத்துக்கு முந்திய பங்குப் பதிவேடுகள் பல இலத்தீனில் எழுதப்பட்டவை. அவற்றிலே 'பேத்ருஸ்' என்றிருப்பவர் வீட்டில் இராயப்பன். 'பவுலுஸ்' சின்னப்பன். 'யோவான்னெஸ்' அருளப்பன். 'அலோய்சியுஸ்' ஞானப்பிரகாசம். 'பெனெதிக்துஸ்' ஆசீர்வாதம். 'நாத்துஸ்' என்றால் பிறந்தவர்; 'பாப்திசாத்துஸ்' என்றால் ஞானஸ்நானம் பெற்றவர். இருபது முப்பது சொற்கள் தெரிந்தால் நம் பிள்ளைகள் தம் முப்பாட்டனின் ஞானஸ்நானக் குறிப்பைத் தாமே படிப்பார்கள். தெரியாவிடில், நம் குடும்பங்களின் வரலாறு நம் அலமாரியிலே இருந்தும் நமக்கு ஊமையாகிவிடும். ஆகவே, யூபிலி ஆண்டில் மேல்வகுப்பு மாணவருக்குப் 'பதிவேடு வாசித்தல்' என்று ஒரு போட்டி வைக்கலாம். ஏட்டைத் தொட்டுக் கெடுக்காமல், பங்குக் குருவின் அனுமதியோடு, ஒரு நூற்றாண்டுக்கு முந்திய ஒரு பக்கத்தின் நகலைக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது, பெயரில்லாத தாள். நம் ஊர்களில் ஒரு பிள்ளையின் பெயரையும் தெருவையும் கேட்டால் அவன் சாதி என்னவென்று கணக்கிட்டுவிடும் பழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. கோவிலுக்குள்ளும் அந்நோய் நுழைந்திருந்தது. தெற்கே வடக்கன்குளம் கோவிலில் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. சுண்ணாம்புச் சுவரை இடிப்பது எளிது. மனச்சுவரை இடிப்பது அரிது. நம் விவிலிய வினாடி வினாவிலும், கட்டுரைப் போட்டியிலும் தாளில் பெயருக்குப் பதில் அடையாளம் இடட்டும். நடுவர் மூவருள் ஒருவர் வேறு பங்கிலிருந்து வரட்டும். பஞ்சாலைத் தொழிலாளியின் மகளும் வியாபாரியின் மகனும் ஒரே தராசில் நிறுக்கப்படுவர். தோற்ற பிள்ளையும் தாளைப் பார்த்துத் தோற்றேன் என்று ஏற்றுக்கொள்ளும். முகத்தைப் பார்த்துத் தள்ளினார்கள் என்று மனம் கசக்காது. போட்டி பொறாமையை வளர்க்கும் என்றவர்களுக்கு நாம் தரக்கூடிய தக்க மறுமொழி இதுவே. பொறாமை பெரும்பாலும் போட்டியில் பிறப்பதில்லை, ஓரவஞ்சனையில் பிறக்கிறது.

மூன்றாவது, மனப்பாடமும் பொருளும். பொருளறியா மனப்பாடத்தை இலத்தீன் காலத்தோடு விட்டுவிட்டோம் என்று எண்ணுகிறோம். ஆனால் விவிலிய வசனத்தைத் தமிழிலே அச்சுப் பிசகாமல் ஒப்புவிக்கும் பிள்ளையை, இதன் கருத்து என்ன என்று கேட்டால் விழிப்பதைக் காண்கிறோம். எதிராளி எழுந்து வினா எழுப்பிய அப்பழைய முறையை மறைக்கல்வி வகுப்பில் கொணர்ந்தால், ஒப்புவிப்பவன் பொருளையும் அறிந்தாக வேண்டும்.

நம் முன்னோர் இலத்தீனில் பெற்றது ஒரு மொழியை மட்டுமன்று. தோழனோடு மோதிக் கூர்மைபெறும் கல்வியையும், முகம் பாராத தீர்ப்பையும் பெற்றனர். மொழி போனாலும் அவ்விரண்டும் நம் பங்கில் நிலைக்கட்டும். கடவுள் ஆள் பார்த்துச் செயல்படுபவர் அல்லர் என்பது நம் விசுவாசம். நம் பிள்ளைகளின் போட்டித் தாள்களைத் திருத்துவோரும் அவ்வாறே இருந்து இந்த யூபிலியை மெய்யான யூபிலியாக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக!