காரமண் உலோகங்களை இனங்காணுதல்

தனிம வரிசை அட்டவணையின் 2-ஆம் தொகுதியில் உள்ள பெரிலியம், மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், ரேடியம் ஆகிய ஆறும் காரமண் உலோகங்கள் எனப்படும். இவற்றின் உப்புகள் பெரும்பாலும் வெண்ணிறமானவை என்பதால் கண்ணால் பிரித்தறிய இயலாது. வேதிப்பண்புகளைக் கொண்டே இனங்காண வேண்டும்.

வரலாறு. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரான்சியன் ஊர்ச் சுரங்கத்தில் கிடைத்த கனிமம் பேரியக் கனிமத்திலிருந்து வேறுபட்டது என 1790-இல் அடேர் கிராஃபோர்டு கண்டார். 1808-இல் ஹம்ப்ரி டேவி மின்னாற்பகுப்பால் மெக்னீசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் நான்கையும் பிரித்தெடுத்தார். கால்சியத்தின் அணு எடை 40, பேரியத்தினுடையது 137. இவற்றின் சராசரி ஸ்ட்ரான்சியத்தின் 88-ஐ ஒட்டி வருகிறது. ஒத்த மூன்று தனிமங்களில் நடுவிலுள்ளதன் அணு எடை மற்ற இரண்டின் சராசரியை ஒட்டி வரும் என்னும் டாபரீனரின் மும்மை விதிக்கு இது சிறந்த சான்று. பெரிலியத்தின் இணைதிறன் 3 என்று பலர் வாதிட்டனர். மெண்டலீவ் அதை 2 எனக் கொண்டு இத்தொகுதியில் வைத்தார். 1884-இல் அதன் குளோரைடின் ஆவி அடர்த்தியை அளந்தபோது அவர் கணிப்பு மெய்யானது. 1898-இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்தபோது அது பேரியத்தோடு சேர்ந்தே வீழ்படிவானது.

சோதனைகள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த பிளாட்டினக் கம்பியில் உப்பை எடுத்துச் சுடரில் காட்டினால் கால்சியம் செங்கல் சிவப்பும், ஸ்ட்ரான்சியம் கருஞ்சிவப்பும், பேரியம் இளம்பச்சையும் தரும். மெக்னீசியமும் பெரிலியமும் நிறம் தருவதில்லை. சிறிதளவு சோடியம் கலந்திருந்தாலும் அதன் மஞ்சள் மற்றவற்றை மறைத்துவிடும். ஆகவே சுடரை மட்டும் நம்பி முடிவு சொல்லக்கூடாது.

கரைதிறன் வேறுபாடே உறுதியான வழி. 100 மி.லி. நீரில் மெக்னீசியம் சல்பேட்டு ஏறத்தாழ 35 கிராம் கரையும்; பேரியம் சல்பேட்டு கால் மில்லிகிராம் அளவே கரையும். பகுப்பாய்வில் கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஆகியவற்றின் கார்பனேட்டு வீழ்படிவை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, முதலில் பொட்டாசியம் குரோமேட்டு சேர்க்க, பேரியம் மஞ்சளாகப் படியும். அதை வடிகட்டியபின் அம்மோனியம் சல்பேட்டால் ஸ்ட்ரான்சியமும், கடைசியில் அம்மோனியம் ஆக்சலேட்டால் கால்சியமும் வெண்மையாகப் படியும். இவ்வரிசையை மாற்றக்கூடாது; மாற்றினால், பேரியமும் ஸ்ட்ரான்சியமும் கூட ஆக்சலேட்டு வீழ்படிவு தருவதால் கால்சியம் என்று தவறாக எழுத நேரும்.

சித்தன்னவாசல். கால்சியத்தை இனங்காணும் சோதனைகள் பழைய சுவரோவியங்களின் ஆய்விலும் பயன்படும். புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள சித்தன்னவாசல் குடைவரையின் 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கால ஓவியங்கள் சுண்ணாம்புச் சாந்தின் மேல் தீட்டப்பட்டவை. சென்னை அரசு அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் இவற்றின் சாந்தையும் நிறமிகளையும் பகுத்தாய்ந்தார். தமிழகச் சுவரோவிய ஆய்வில் முன்னோடியான பணி அது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. அத்தகைய சாந்துத் துகளில் நீர்த்த அமிலம் பட்டால் நுரைத்துப் பொங்கும்; வெளிவரும் வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போலாக்கும். கரைசலில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் இல்லை என மேற்சொன்ன வரிசையில் உறுதிசெய்தபின் ஆக்சலேட்டு சேர்த்தால் கால்சியம் உறுதியாகும். காவி நிறங்களுக்குக் காரணம் இரும்பு. வெண்மைக்குச் சுண்ணாம்பே நிறமி.

இக்காலம். அணு உட்கவர் நிறமாலைமானி, எக்ஸ்-கதிர் ஒளிர்வு முதலிய கருவிமுறைகள் இப்போது பயன்பாட்டில் உள்ளன.