பர்லோ, பர்லி, பர்லா... பேசிக்கினு இருக்கேன்!

ஆலங்காயத்துல உக்காந்துக்கினு இத்தாலியன் படிக்கிறேன்னு சொன்னா யாரா இருந்தாலும் ஒரு மாதிரிதான் பார்ப்பாங்க. வீட்டம்மாவும் பார்த்தாங்க. "தெலுங்கு கத்துக்கினாலாவது குப்பத்துக்குப் போய்வர உதவும்"னு ஒரு குத்து வேற. :-)

எங்க பக்கம் தோல் தொழில்னு உங்களுக்கே தெரியும். வாணியம்பாடி, ஆம்பூர் தொழிற்சாலைங்களுக்கு இத்தாலியில இருந்து மெஷின் வரும், பொருத்திக் கொடுக்க ஆளும் வருவாங்க. அப்படி வந்த ஒருத்தர் கூட எனக்குப் பத்து நாள் வேலை. அவர் வாயில இருந்து பொறுக்கின நாலு வார்த்தைதான் ஆரம்பம். ரிடையர் ஆனதுக்கு அப்புறம் ஒரு பழைய இலக்கணப் புத்தகம் கைக்கு வந்தது. திறந்தா பக்கம் பக்கமா வினைச்சொல் அட்டவணை. ரெண்டு நாள் மிரண்டேன். மூணாவது நாள் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்தப் பதிவே அதைப் பத்திதான். கொஞ்சம் பழைய கதையும் வரும், பொறுத்துக்குங்க.

முதல்ல அட்டவணை. இத்தாலியன்ல ஒழுங்கான வினைகள் மூணு குடும்பம். பர்லாரே (பேச), க்ரேதெரே (நம்ப), தொர்மீரே (தூங்க). கடைசியில வர்ற ஆரே, எரே, ஈரேயை வெட்டிட்டு விகுதியை ஒட்டணும். பர்லோன்னா பேசுறேன், பர்லின்னா பேசுறே, பர்லான்னா பேசுறான் அல்லது பேசுறாள். பர்லியாமோ பேசுறோம், பர்லாதே பேசுறீங்க, பார்லானோ பேசுறாங்க. 'நான்', 'நீ'ன்னு தனியா சொல்ல வேண்டியதில்லை, விகுதியே சொல்லிடும். நம்ம 'பேசுறேன்' மாதிரியேதான். இங்கிலீஷ்ல இது நடக்குமா?

இறந்தகாலத்துல 'முன்னெல்லாம் பேசுவேன், பேசிக்கினு இருந்தேன்'ங்கிற அர்த்தத்துக்கு பர்லாவோ, பர்லாவி, பர்லாவா. அடுத்த குடும்பத்துல க்ரேதேவா, அதுக்கடுத்ததுல தொர்மீவா. நடுவுல அந்த 'வ' மட்டும் அசையாம நிக்குது பாருங்க. பகுதி, இடைநிலை, விகுதின்னு பள்ளிக்கூடத்துல பிரிச்சோமே, அதேதான். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டுல நன்னூல்ல த், ட், ற், இன் இறந்தகாலம், ப், வ் எதிர்காலம்னு இடைநிலைகளை எண்ணி வச்சிட்டுப் போனார். அதே கத்தியை எடுத்து பர்லாவோவை வெட்டினா சுத்தமா வெட்டுது!

வித்தியாசமும் இருக்கு. அங்க வினையைக் காலத்தால மட்டும் இல்லாம மனப்பாங்காலயும் பிரிக்கிறாங்க. நடக்கிறதை நடக்கிறபடி சொல்றது ஒண்ணு, ஏவல் ஒண்ணு, 'முடிஞ்சா செய்வேன்'ங்கிற மாதிரி ஒண்ணு, நினைப்பு, சந்தேகம், ஆசைக்குன்னு ஒண்ணு. 'அவன் பேசுறான்'னா பர்லா. 'அவன் பேசுறான்னு நினைக்கிறேன்'னா அந்த பர்லா, பர்லின்னு மாறணும். தமிழ்ல 'பேசுறான்' அப்படியே நிக்கும். சந்தேகத்தை 'னு நினைக்கிறேன்', 'போல', 'ஆம்'னு பின்னாடி கட்டித் தொங்க விடுவோம். வினைமுற்று வர்ற இந்த நாலு பாங்குக்கும் மொத்தம் 15 காலம். ஒழுங்கான வினையிலயே இவ்வளவு. ஒழுங்கில்லாததைப் பத்தி இப்ப பேச வேணாம், தூக்கம் போயிடும்.

சரி, கதைக்கு வருவோம். இந்த அட்டவணையோட வளர்ந்த ஒரு ஆள் நம்ம ஊருக்கு வந்து, நம்ம வினைச்சொல்லுக்கு அட்டவணை போட்டார். வீரமாமுனிவர்தான். 1680ல வட இத்தாலியில மாந்துவா பக்கம் காஸ்திலியோனேங்கிற ஊர்ல பிறந்தவர், பேரு கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இத்தாலின்னு ஒரே நாடு அப்ப கிடையாது, அது 1861லதான். அந்தக் காலத்துல படிச்சவங்களுக்கு வீட்டுல ஊர்ப்பேச்சு, புத்தகத்துல நூல் இத்தாலியன், கோயில்லயும் கல்லூரியிலயும் லத்தீன். ஒருத்தர் வாயில மூணு மொழி.

1710ல கோவா வந்தார், அப்புறம் தமிழ்நாடு. ஏலாக்குறிச்சியில பல வருஷம் இருந்தார். தேம்பாவணி, சதுரகராதி, பரமார்த்த குரு கதை எல்லாம் நமக்குத் தெரியும். அவர் இலக்கணத்தைத் தனித்தனியா எழுதினார்ங்கிறதைத்தான் நாம அவ்வளவா கவனிக்கிறதில்லை. தமிழ்ப் புலவர்களுக்குத் தமிழ்லயே தொன்னூல் விளக்கம். செய்யுள் தமிழுக்கு லத்தீன்ல ஒரு இலக்கணம், 1730. அதுக்கு முன்னாடியே, 1728ல, அன்றாடம் புழங்கும் தமிழுக்கு லத்தீன்ல ஒரு இலக்கணம். அதுக்கு அவர் வச்ச பேரு கொடுந்தமிழ்.

அவர்தான் முதல் ஆள்னு சொல்ல வரல. போர்த்துகீசியரான அன்றீக்கே அடிகள் 1549 வாக்கிலேயே முத்துக்குளித்துறையில இருந்து போர்த்துகீசிய மொழியில தமிழ் இலக்கணம் எழுதினார். லத்தீன் அச்சுல தமிழ் வினையை ஊத்திப் பார்த்த வேலை அது. சீகன்பால்கு எழுதினது 1716ல ஜெர்மனி ஹாலேயில அச்சாச்சு. பெஸ்கி கதையில இருக்கிற வேடிக்கை வேற. தரங்கம்பாடி லுத்தரன் சபைக்காரங்களுக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. அவங்களை எதிர்த்து வேதவிளக்கம் எழுதினவர் இவர். ஆனா இவரோட கொடுந்தமிழ் இலக்கணம் 1738ல அச்சானது அதே தரங்கம்பாடி அச்சுக்கூடத்துல! சண்டை சண்டையா இருக்கட்டும், புத்தகம் வேணும்னு நினைச்சிருக்காங்க. நம்ம பதிவர் சண்டைங்களை நினைச்சுப் பார்த்துக்கிட்டேன். :-)

'கொடுந்தமிழ்'ங்கிற பேரே நம்மளுதுதான். செந்தமிழ் நிலத்தைச் சுத்தி இருக்கிற பன்னிரண்டு நிலத்துப் பேச்சைப் பழைய இலக்கணக்காரங்க அப்படிச் சொன்னாங்க. ஆனா அதுக்குன்னு தனியா ஒரு இலக்கணப் புத்தகம் போட வேணாம்னு விட்டுட்டாங்க. பெஸ்கிக்கு மட்டும் ஏன் தோணுச்சு? மக்கள்கிட்ட பேசணுங்கிற தேவை முதல் காரணம். இன்னொண்ணும் இருக்கும்னு நான் நினைக்கிறேன் (சந்தேகப் பாங்கு!). அவர் நாட்டுல இந்தப் பஞ்சாயத்து முன்னாடியே நடந்து முடிஞ்சிருந்தது. லத்தீனுக்குத்தான் இலக்கணம் உண்டு, தெருவுல பேசுறதுக்குக் கிடையாதுன்னு பெரியவங்க பேசிக்கிட்டிருந்த காலத்துல, 1440 வாக்குல லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி, ஃபுளோரன்ஸ்ல ஜனங்க பேசின பேச்சுக்குச் சின்னதா ஒரு இலக்கணம் எழுதினார். இத்தாலியனுக்கு அதுதான் முதல். அது அச்சாகலை. 1508ல எடுத்த ஒரு பிரதி வத்திக்கான் நூலகத்துல கிடந்து, 1908லதான் புத்தகத்துல ஏறுச்சு.

இன்னொரு விஷயம் கேளுங்க. இத்தாலியன்ல 'பேசுவேன்'னா பர்லெரோ. இது லத்தீன்ல இருந்த பழைய எதிர்காலம் இல்லை. அந்தப் பழைய வடிவம் செத்துப்போச்சு. வினையோட 'எனக்கு உண்டு'ங்கிற சொல்லைச் சேர்த்து, 'பேச வச்சிருக்கேன்'ங்கிற மாதிரி ஜனங்க பேசிப் பேசி, தேஞ்சு ஒட்டிக்கிச்சு. அப்ப ஒரு லத்தீன் வாத்தியார் காதுல விழுந்திருந்தா பிரம்பை எடுத்திருப்பார். இன்னிக்கு அதுதான் அட்டவணையில முதல் பக்கத்துல இருக்கிற ஒழுங்கான எதிர்காலம்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி. நான் ஏழாவது படிக்கும்போது ஜவ்வாது மலையில இருந்து இறங்கி வந்து விடுதியில தங்கிப் படிச்ச பையன் ஒருத்தன் என் பக்கத்துல உக்காருவான். கணக்குல புலி. வாயைத் திறந்து பேசினா மட்டும் வகுப்பே சிரிக்கும். கீழ இருக்கிற நாங்க பேசினதும் ஒண்ணும் செந்தமிழ் இல்லை. நாங்க 'வந்துக்கினு', 'போய்க்கினு'ன்னு பேசினவங்கதான், பட்டணத்துக்காரன் எங்களைப் பார்த்துச் சிரிப்பான். நாங்க மலைக்காரனைப் பார்த்துச் சிரிச்சோம். ஒருநாள் வாத்தியார், "இதெல்லாம் இலக்கணமே இல்லாத பேச்சுடா"ன்னு அவனை நிக்க வச்சுச் சொன்னார். அடுத்த வருஷம் அவன் வரலை. அது ஒண்ணுதான் காரணமான்னு சொல்ல முடியாது. ஆனா அன்னிக்கு நானும் சிரிச்சேன். அது ஞாபகம் இருக்கு.

இப்ப அந்த அட்டவணைக்குத் திரும்பி வாங்க. இத்தாலியன்ல 'பேசிக்கினு இருக்கேன்'னு சொல்ல ஸ்தோ பர்லாந்தோம்பாங்க. பர்லாந்தோ நம்ம வினையெச்சம் மாதிரி ஒண்ணு, ஸ்தோங்கிறது 'இரு'ங்கிற பொருள்ல வர்ற வினை. எங்க ஊர்ப்பேச்சை எடுத்து அதே மாதிரி அடுக்கிப் பார்த்தேன். பேசிக்கினு, பார்த்துக்கினு, போய்க்கினு, தின்னுக்கினு. எந்த வினையை எடுத்தாலும் முதல்ல வினையெச்சம், அப்புறம் 'கினு', அப்புறம் இருக்கேன், இருக்கே, இருக்கான், இருக்காங்க. ஒரு இடத்துலயும் விதி தப்பலை. 'கொண்டு' தேஞ்சு 'கினு' ஆச்சு, அங்க 'எனக்கு உண்டு' தேஞ்சு பர்லெரோவுல ஒட்டின மாதிரி. ஒழுங்கு இல்லைன்னு யார் சொன்னது? எழுதி வைக்கலைன்னு வேணா சொல்லலாம்.

மலைப்பேச்சும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு ஊரே சேர்ந்து பேசி, சேர்ந்து புரிஞ்சுக்குதுன்னா உள்ள விதி இல்லாம எப்படி? நாங்க சிரிச்ச நேரத்துல அதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தா எனக்கும் ரெண்டு விதி தெரிஞ்சிருக்கும். ஏலாக்குறிச்சியில உக்காந்து கேட்ட இத்தாலிக்காரருக்கு இருந்த பொறுமை, பக்கத்து பெஞ்சுல இருந்த எனக்கு இல்லை.

பெஸ்கி 1747ல கேரளாவுல அம்பழக்காட்டுல இறந்தார். 1968ல மெரினாவுல சிலை வச்சோம். நல்ல காரியம். அவர் செஞ்ச வேலையில கொஞ்சத்தை நாமளும் செய்யலாம், செலவு ஒண்ணும் இல்லை.

ஆகவே மக்களே, வீட்டுப்பாடம். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதை உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்க? நான், நீ, அவன், அவள், அது, நாங்க, நீங்க, அவங்க எல்லாத்துக்கும் எழுதுங்க. மதுரை, நெல்லை, கோவை, யாழ்ப்பாணம், மலேசியா எல்லாரும் வாங்க. ஜவ்வாது மலைக்காரங்க யாராவது படிச்சா முதல் இடம் உங்களுக்குத்தான்.

டிஸ்கி: இத்தாலியன் தெரிஞ்சவங்க என் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்காதீங்க. சிரிச்சா என்ன ஆகும்னு இப்பதான் எழுதி முடிச்சேன். :-)