யூலை 19: ஒரே நாளில் மறைந்த இரு ஆசிரியர்கள்

மாளிகாவத்தையிலுள்ள எமது வீட்டுச் சுவரில் நாள்தோறும் தாள் கிழிக்கும் நாட்காட்டி ஒன்று தொங்குகின்றது. ஒவ்வொரு தாளிலும் மூன்று திகதிகள் உள. ஆங்கிலத் திகதி நடுவில் பெரிய இலக்கத்தில் நிற்க, தமிழ்த் திகதியும் ஹிஜ்ரித் திகதியும் அதன் இருமருங்கிலும் சிறிய எழுத்தில் அமைந்திருக்கும். அடியில் ‘இந்நாளில்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டொரு வரிகள் காணப்படும். யூலை 19ஆம் திகதிக்குரிய தாளில் இரு செய்திகளைக் கண்டேன். ஒன்று, சுவாமி விபுலாநந்தர் மறைவு, 1947. மற்றையது, பர்மியத் தலைவர் ஆங் சான் கொலையுண்டமை, 1947. இவ்விரு வரிகளுக்குமிடையே தொடர்பு ஏதும் உண்டோ என்ற வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

ஒரே திகதியில் நிகழ்ந்தவற்றை நிரலாகத் தொகுப்பது வரலாறு ஆகாது என்பது வரலாறு பயில்வோர் அறிந்ததே. 1848 யூலை 19இல் அமெரிக்காவின் செனக்கா போல்ஸ் என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாடு தொடங்கிற்று. 1870இல் அதே நாளில் பிரான்சு பிரசியாமீது போர்ப் பிரகடனம் செய்தது. 1969இல் அதே நாளில் இந்திரா காந்தியின் அரசு இந்தியாவின் பதினான்கு பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. 1979இல் நிக்கரகுவாவின் புரட்சிப்படை மனாகுவா நகரினுட் புகுந்தது. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமன்று. இவற்றை ஒருங்கு கோத்திருக்கும் நூல் ‘19’ என்ற எண் ஒன்றே.

அவ்வெண்ணும் உலகனைத்துக்கும் பொதுவானதன்று. சேக்சுபியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்பிரல் 23இல் மறைந்தனர் என்று வியந்து கூறுவோர் பலர். ஆனால், அக்காலத்தில் இசுப்பானியா கிரெகரியின் புதிய நாட்காட்டியைக் கைக்கொண்டிருந்தது. இங்கிலாந்தோ பழைய யூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. ஆகவே, திகதி ஒன்றாயினும் நாட்கள் வேறு. அவற்றிடையே பத்து நாள் இடைவெளி உண்டு. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைக் கொண்டு கணிக்கப்படுவதால் ஞாயிற்றாண்டிலும் ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்தது. எனவே, ஹிஜ்ரி முறைப்படி நினைவுகூரப்படும் நாள் ஒவ்வோராண்டும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் வலம் வந்துவிடும். சைவ மரபிலே குருபூசையும் சிரார்த்தமும் திதியையோ நட்சத்திரத்தையோ பற்றி நிற்பன. மூன்று திகதிகளைச் சுமக்கும் எமது நாட்காட்டியில், ‘அதே நாள்’ என்பதற்கே மூன்று பொருள் உண்டு.

எனினும், 1947 யூலை 19இன் நிலை இதனின் வேறானது. இங்கு ஒத்திருப்பது திகதி மட்டுமன்று, ஆண்டும் ஒன்றே. அது ஒரு சனிக்கிழமை. கொழும்பிலும் இரங்கூனிலும் ஒரே ஞாயிறு எழுந்து வீழ்ந்த ஒரே நாள். அதன் இரு முனைகளையும் தனித்தனியே நோக்குவோம்.

மட்டக்களப்புப் பிரதேசத்துக் காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனனாரே பின்னர் விபுலாநந்த அடிகளாயினார். சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய முஸ்லிம் ஊர்களுக்கு இடையே அமைந்த தமிழூர் காரைதீவு. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டத்தையும் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியின் விஞ்ஞானச் சான்றிதழையும் அவர் பெற்றார். அக்கல்லூரி அமைந்த மருதானை, மாளிகாவத்தையிலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவிலேயே உள்ளது. தமிழ்ப் புலமையும் விஞ்ஞானப் பயிற்சியும் ஒருவரிடத்தே ஒருங்கு வாய்த்தமையின் பயனே ‘யாழ்நூல்’. சிலப்பதிகார அரங்கேற்றுகாதையை அடிப்படையாகக் கொண்டு, வழக்கொழிந்த யாழினது அமைப்பையும் இசையையும் கணித முறையால் அவர் ஆராய்ந்தார். 1947 யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அந்நூல் அரங்கேறியது. ஆறு வாரங்கள் கழிந்த அளவில் அடிகளார் கொழும்பில் காலமானார். அப்பொழுது அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் அப்பதவியை ஏற்ற முதல்வரும் அவரே. தாம் வளர்த்த சிவாநந்த வித்தியாலயத்தின் சூழலிலே, கல்லடியில், அவரது உடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

அதே சனிக்கிழமை முற்பகல் பத்தரை மணியளவில் இரங்கூன் செயலகத்திலே அமைச்சரவை கூடியிருந்தது. துப்பாக்கி ஏந்தியோர் உட்புகுந்து சுட்டனர். ஆங் சானும் உடனிருந்த அமைச்சர் பலரும் மாண்டனர். காயமுற்றுப் பின்னர் இறந்தோரையும் கூட்ட, உயிரிழந்தோர் தொகை ஒன்பது. ஆங் சானுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. சதிக்குக் காரணமான அரசியல்வாதி ஊ சோ 1948 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார். யூலை 19 இன்றும் பர்மாவில் தியாகிகள் தினமாக அனுட்டிக்கப்படுகின்றது.

எமது நாட்காட்டி அவ்வொன்பதின்மருள் ஒருவரது பெயரையே கூறுகின்றது. ஏனைய எண்மருள் ஒருவர் கல்வி, தேசியத் திட்ட அமைச்சர் அப்துல் ரசாக். மெயிக்தீலாவில் 1898இல் பிறந்த இவருடைய தந்தையார் தமிழ் முஸ்லிம், காவல்துறையிற் பணியாற்றியவர். தாயார் பர்மியப் பெண்மணி. 1920இல் இரங்கூன் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து மாணவர் நடத்திய பகிஷ்கரிப்பின் பயனாகப் பர்மா முழுவதும் தேசியப் பாடசாலைகள் எழுந்தன. மண்டலேயில் எழுந்த தேசியப் பாடசாலையின் தலைமையாசிரியராக விளங்கியவர் ரசாக். முஸ்லிமாகப் பிறந்த இவர் பௌத்தரின் பாளி மொழியையும் கற்றார். பௌத்தரும் முஸ்லிம்களும் ஒரே நாட்டினராய் வாழவேண்டுமென உழைத்தார். அவரது மெய்க்காப்பாளராக இருந்த பதினெட்டு வயது இளைஞனும் அன்று அவருடன் உயிர்நீத்தான்.

இவ்விடத்தில்தான் நாட்காட்டியின் இரு வரிகளும் ஒன்றையொன்று அணுகுகின்றன. ஒரு கடலின் இரு கரைகளில், ஒரே நாளில், இரு ஆசிரியர்கள் மறைந்தனர். நாள் ஒத்தமை தற்செயலே, அதில் ஐயமில்லை. ஆனால், அவர்களது பணி ஒத்தமை தற்செயலன்று. ஆங்கில ஆட்சியின் கல்விமுறை அரசாங்க எழுதுவினைஞரை ஆக்கிக்கொண்டிருந்த காலத்திலே, மண்ணின் மொழியையும் மரபையும் புதிய அறிவோடு இணைக்கும் பாடசாலைகள் வேண்டுமென்ற எண்ணம் ஆசியா எங்கணும் எழுந்தது. அவ்வெண்ணம் மண்டலேயில் தேசியப் பாடசாலையாகவும் கிழக்கிலங்கையில் இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளாகவும் உருப்பெற்றது. திகதிப் பட்டியல் காட்டாத இப்பொதுக் காரணத்தைத் தேடிக் காண்பதே வரலாற்று மாணவனின் கடமையாகும்.

அவ்வாறாயின், ரசாக்கின் பெயரைத் தமிழர் நாம் மறந்தது ஏன்? பர்மாவைப் பற்றிய நமது நினைவு செட்டிமாரின் வட்டிக்கடைகளிலும், 1942இல் யப்பானியப் படைக்கு அஞ்சிக் காடும் மலையும் கடந்து நடந்தோரின் துன்பத்திலும் நிலைகொண்டுள்ளது. அந்நினைவு பொய்யன்று. 1930ஆம் ஆண்டை அடுத்த பொருளாதார மந்தத்தின்போது கடனிறுக்க இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் செட்டிமார் கைக்கு மாறின. 1937 அளவில் கீழ்ப்பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு அவர்களிடம் இருந்தது. அங்கு எழுந்த பகைக்கு அதுவும் ஒரு காரணம். இலங்கையராகிய நாமும் இதிற் புறத்தே நின்றவரல்லர். இரங்கூன் அரிசியை உண்டே கொழும்பு வாழ்ந்தது. பர்மா யப்பானியர் வசமானதும் இங்கு அரிசித் தட்டுப்பாடு பெரிதாயிற்று. கடன் கொடுத்த தமிழரையும் ஓடிவந்த தமிழரையும் கணக்கில் வைத்த நாம், அந்நாட்டவருள் ஒருவராகி அந்நாட்டுக்காக மாண்ட தமிழரின் மகனைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாட்டைவிட்டு வந்தவனே ‘நம்மவன்’, அங்கேயே தங்கிக் கலந்தவன் ‘பிறன்’ என்ற எண்ணமே இதற்கு அடிப்படை எனலாம்.

இவ்வெண்ணத்தின் மறுபக்கத்தை நாமே அனுபவித்தோம் என்பது ஈண்டு நோக்கற்பாலது. பர்மா 1948 சனவரி 4இல் விடுதலை பெற்றது. சரியாக ஒரு மாதங் கழித்து, பெப்ரவரி 4இல், இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே இரு நாடுகளும் குடியுரிமைச் சட்டங்களை இயற்றின. இலங்கையின் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. பர்மாவில் 1962இன் இராணுவ ஆட்சியும் 1964இன் நாட்டுடைமையாக்கமும் இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினரை வெளியேறச் செய்தன. ஷான், கச்சின், சின் மக்களின் தலைவர்களோடு 1947 பெப்ரவரியில் பாங்லோங்கில் ஆங் சான் செய்துகொண்ட உடன்படிக்கை அவரோடு நலிவுற்றது. பல இனத்தவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த அவையின்மீதே அன்று சுடப்பட்டது. அக்குண்டுகள் அவ்வொன்பது பேரை மட்டும் வீழ்த்தவில்லை. யூலை என்றவுடன் 1983ஐ நினையாதிருக்க இயலாத கொழும்புத் தமிழருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இறுதியாக ஒன்று. நாட்காட்டியின் ஏனைய இரு திகதிகளின்படி அச்சனிக்கிழமை எத்தகையது என்று நோக்கினேன். சைவருக்கு அது ஆடி அமாவாசையை ஒட்டிய நாள்; மறைந்த தந்தையரை நினைந்து நீர் இறைக்கும் காலம். முஸ்லிம்களுக்கு அது ரமழான் பிறையை எதிர்நோக்கியிருந்த வேளை. அமாவாசை கழிந்தபின் தோன்றும் பிறையே நோன்பைத் தொடக்குவது. ஆகலின், இரண்டும் ஒரே நிலவின் கணக்கே. கோயில் மணியோசையும் பாங்கோசையும் கேட்டு வளர்ந்த எனக்கு இது புதுமையன்று. ஆயினும், வரலாற்றுப் பாடத்தில் இதனைக் காண இத்தனை காலம் சென்றது.

திகதி ஒற்றுமை எதனையும் நிறுவாது. ஆனால், அது இருவரை அடுத்தடுத்து நிறுத்தி, ‘இவர்களை நீ அறிவாயா?’ என்று வினவும். விபுலாநந்தரை நாம் அறிவோம். வரும் யூலை 19இல் அவருக்கு மலர் சாத்தும்போது, மண்டலேயில் ஆசிரியராயிருந்த அப்துல் ரசாக்கின் பெயரையும் ஒருமுறை சொல்வோமாயின், எமது வீட்டு நாட்காட்டியில் விடுபட்ட வரியை நாமே எழுதியவராவோம்.